கையில் உள்ள காசும் கைக்கு வரும் புத்தகமும்

சென்ற ஆண்டு விடுமுறைக்குக் கனடாவிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு திருகோணமலைக்கு வந்திருந்தாள். அவளுடைய மகனுக்கு வயது பதினான்கு. உவர்மலை வீட்டு விறாந்தையில் அமர்ந்து, கைத்தொலைபேசியை முழங்காலிற் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு காசை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதும் அது தரையில் விழுந்து உருள்வதும் குனிந்து தேடுவதுமாக நாள் முழுவதும் இருந்தான். காசு வித்தை பழகுகிறானாம். மூன்றாம் நாள் என்னிடம் வந்து கேட்டான்: "மாமா, இதுக்கு நல்ல புத்தகம் எது? அம்மா ஒண்டுதான் வாங்கித் தருவாவாம்."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனிடம் எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்பவர்கள் குறைவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் உடனே விடை கூறவில்லை. அவன் கையில் இருந்த காசைக் காட்டச் சொன்னேன். அது நம் நாட்டுப் பத்து ரூபாக் குற்றி. கனடாவின் ஒரு டொலர் காசு மாதிரியே இதற்கும் பதினொரு பக்கம், ஆகையால் இதையே எடுத்துக்கொண்டேன் என்றான். அவன் சொன்னது உண்மைதான். 1987இல் வெளிவந்த கனடிய டொலர் காசு 26.5 மில்லிமீற்றர் விட்டமும் பதினொரு பக்கமும் உடையது. 2009இல் இலங்கை வெளியிட்ட பத்து ரூபாவும் பதினொரு பக்கம், 26.4 மில்லிமீற்றர். இரு நாடுகளுக்கும் இடையில் இப்படியோர் ஒற்றுமை உண்டென்பதை ஒரு சிறுவன் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அவனுடைய கேள்விக்குரிய விடை அந்தக் காசில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை விளக்க வேண்டுமானால் இந்தத் துறைமுகத்தில் புழங்கிய காசுகளின் கதையையும், காசு வித்தையைக் கற்பித்த புத்தகங்களின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் இவ்வித்தைக்குச் செப்பிடு வித்தை என்று பெயர். செப்பு என்பது சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இட்ட சிறு பந்துகளை மறைத்தும் வரவழைத்தும் காட்டுவதிலிருந்து அப்பெயர் வந்தது. நம் பக்கத்து வித்தைக்காரரிடம் புத்தகம் கிடையாது. தகப்பன் கையைப் பார்த்து மகன் பழகினான். அமெரிக்க அறிஞர் லீ சீகல் 1991இல் வெளியிட்ட 'நெட் ஒவ் மஜிக்' என்னும் நூலில் டில்லியின் ஷாதிபூர்க் குடியிருப்பில் வாழ்ந்த தெரு வித்தைக்காரர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கும் வித்தை குடும்பச் சொத்துத்தான். குடும்பத்திற்கு வெளியே பிறந்தவனுக்கு வழி ஏது? அவனுக்குத்தான் புத்தகம் தேவைப்பட்டது.

ஆங்கிலத்தில் காசு வித்தையை முதன்முதலாக எழுத்தில் விளக்கியவர் வித்தைக்காரர் அல்லர். கென்ற் மாகாணத்து நிலக்காரரான றெஜினோல்ட் ஸ்கொட். மதுவுக்குப் பயன்படும் ஹொப் கொடியை வளர்ப்பது எப்படி என்று அதற்கு முன் ஒரு கைநூல் எழுதியவர். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டி ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிட்ட காலம் அது. அதைக் கண்டு மனம் பொறாமல் 1584இல் 'டிஸ்கவரி ஒவ் விச்கிராவ்ற்' என்னும் பெரு நூலை எழுதினார். கண்ணை ஏமாற்றும் செயல்கள் பேயின் வேலையல்ல, கையின் வேலையே என்று காட்டுவதற்காகக் காசை மறைப்பது, மேசையினூடாகக் காசைக் கீழே விழச் செய்வது முதலியவற்றை அதில் விளக்கினார். இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சு வித்தைக்காரர் ஒருவரிடம் நேரே கேட்டறிந்த செய்திகளும் அதில் உண்டு. ஆக, காசு வித்தையின் முதல் ஆங்கிலப் பாடப்புத்தகம் உயிர்களைக் காக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. இன்றைய வித்தைப் புத்தகங்களின் முகவுரைகளில் இதை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து விடுகிறார்கள்.

நம் விடயத்துக்கு முக்கியமானது வேறொன்று. எந்தக் காசை எடுப்பது என்ற கேள்விக்கு ஸ்கொட் அன்றே விடை கூறியிருக்கிறார். காசை ஒளிப்பதற்குத் தலைசிறந்த இடம் உள்ளங்கை. அதற்குப் பொருத்தமான காசு 'டெஸ்ற்றர்' எனப்பட்ட ஆறு பென்சு வெள்ளி. பழகிவிட்டால் எல்லாக் காசும் ஒன்றுதான். ஆனால் மிகச் சிறிய காசாயின் விரல்களுக்கிடையில் வைக்க வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவே. எலிசபெத் காலத்து ஆறு பென்சு ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. என் மருமகனின் பத்து ரூபாவும் அதே அளவு!

இடையில் முந்நூறு ஆண்டுகளை விட்டுவிட்டு 1876க்கு வருவோம். அவ்வாண்டு 'புரொபெசர் ஹொவ்மன்' என்ற புனைபெயரில் அஞ்சலோ லூயிஸ் என்னும் இலண்டன் வழக்கறிஞர் 'மொடர்ன் மஜிக்' நூலை வெளியிட்டார். முதற்பதிப்பு சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தது. தொழில் இரகசியம் போயிற்றென்று வித்தைக்காரர் சிலர் சினந்தனர். லூயிஸ் எழுத்தில் ஒரு வழக்கறிஞரின் ஒழுங்கு இருக்கிறது. கையை எப்படி வைப்பது, கண் எங்கே பார்க்க வேண்டும், மற்றக் கை அப்போது என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிச் செல்வார். அவர் மனதில் இருந்தவை அவர் காலத்து ஆங்கிலேயரின் சட்டைப்பையில் கிடந்த காசுகள். புளோரின், 32 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அரைக் கிரவுண்.

அந்த நூலின் அட்டை கிழிந்த பிரதி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. என் அம்மப்பா பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு மாலுமி விட்டுச் சென்ற புத்தகம் அது. மாலுமிகளுக்கு வித்தையில் அப்படியென்ன ஆர்வம் என்று நான் சிறுவயதில் கேட்டதுண்டு. இங்கிலாந்திலிருந்து இங்கு வரும் கப்பல்கள் சுயெஸ் கால்வாய் வழியே வரவேண்டும். அதன் வாசலான போர்ட் செய்த்தில் 'கலி கலி' என்று கூவிக்கொண்டு எகிப்திய வித்தைக்காரர் கப்பலில் ஏறுவார்கள். பயணிகளின் சட்டைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சையும் காசையும் எடுப்பார்கள். அவர்களிடம் ஏமாந்த மாலுமி, எப்படி ஏமாந்தோம் என்று அறிய விரும்புவது இயல்புதானே.

இனி நம் துறைமுகத்துக் காசுகளுக்கு வருகிறேன். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிப் பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், திருகோணமலையிலேயே செம்புக் காசு அடித்தார்கள். 'ஸ்ரைவர்' என்பது அதன் பெயர். ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரைக்கு மேல் 'ரி' என்ற உரோம எழுத்து இருந்தால் அது திருமலைக் காசு. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகியவற்றுக்கும் அவ்வாறே தனி எழுத்துகள் இருந்தன. தடித்த, வட்டம் கோணிய, விளிம்பு சீரில்லாத கட்டிக் காசுகள். பணத்தைத் துட்டு என்று நாம் சொல்வதுகூட ஒல்லாந்தரின் 'டொயிற்' என்ற சிறு காசின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த ஸ்ரைவரை உள்ளங்கையில் ஒளிக்க முடியுமா என்றால், ஒளிக்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல் இராது. ஒரு காசில் பழகியது அடுத்த காசில் உதவாது.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை மாறிற்று. 1872 முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் என்ற தசம முறை நடைமுறைக்கு வந்தது. சதக் காசுகளை இலங்கைக்கென்றே அடித்தார்கள். ரூபா மட்டும் இந்திய வெள்ளி ரூபாவாகவே இருந்தது. அதன் எடை 11.66 கிராம், விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீற்றர். வெட்டு விளிம்பு கூராக இருக்கும். உள்ளங்கைச் சதை அந்த விளிம்பைப் பற்றிக்கொள்ளும்.

அமெரிக்க அரை டொலரின் விட்டம் 30.6 மில்லிமீற்றர். மிகப் புகழ்பெற்ற காசு வித்தைப் புத்தகங்கள் அந்த அரை டொலரைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. 1944 மார்ச் இறுதியில் 'சரட்டோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கு வந்து பிரித்தானியக் கீழைக் கடற்படையோடு சேர்ந்துகொண்டது. அந்நாட்களில் ஓர் அமெரிக்க மாலுமி, கடைத்தெருவில் நின்று அரை டொலரையும் வெள்ளி ரூபாவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டியதாக அம்மப்பா சொல்லுவார். இரண்டும் ஒரே அளவு. அப்போதுதான் அவருக்குத் தம்மிடமிருந்த புத்தகம் ஏன் தமக்குக் கைகொடுத்தது என்று விளங்கியதாம். சதக் காசுகளில் எத்தனையோ முறை முயன்று தோற்றவர், ரூபாவை எடுத்த பிறகே உள்ளங்கைப் பிடி வந்தது என்பார்.

நான் பிறந்தபோது கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன (1957 ஒக்டோபர் 15). வெள்ளி ரூபாவும் புழக்கத்தில் இல்லை. என் சிறுவயதுக் காசுகள் எவை என்று இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து சதம் சதுரம். இரண்டு சதமும் பத்துச் சதமும் பூவிதழ் விளிம்பு கொண்டவை. 1978இல் ஐந்தையும் பத்தையும் அலுமினியத்தில் அடித்தார்கள். கையில் வைத்தால் காசு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காசு வித்தை பழகுபவனுக்கு இது நன்மைபோலத் தோன்றும், உண்மையில் பெருந்தீமை. எடையை உணராத கை, காசு இருப்பதை மறந்து விரிந்துவிடும்.

ஒரு ரூபாக் குற்றி ஓர் அங்குல விட்டம். அதில் ஓரளவு பழகினேன். பின்னர் 1984இல் இரண்டு ரூபாக் குற்றி வந்தது. விட்டம் 28.5 மில்லிமீற்றர், ஆங்கிலேயரின் புளோரின் அளவேதான். அதை அறியாமலே நான் அதை வைத்து ஹொவ்மன் புத்தகத்தைத் திறந்தேன். அதுவரை கைக்கு ஒவ்வாத படங்களெல்லாம் அப்போது ஒத்து வந்தன. அந்த ஓராண்டில் பழகியவைதான் இன்றும் என் கையில் நிற்கின்றன. உள்ளங்கைப் பிடி, நடுவிரலும் மோதிரவிரலும் தொடங்கும் இடத்தில் காசைப் படுக்க வைக்கும் விரலடிப் பிடி, பெருவிரல் இடுக்கில் பற்றும் பிடி, பிறகு, ஒரு கையிலிருந்து மறுகைக்கு எடுப்பதுபோல் எடுக்காமல் விடும் ஒரு பாவனை. மேலைநாட்டார் அதற்குப் பிரெஞ்சு ட்ரொப் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொத்தம் நான்கு.

1985 நடுப்பகுதியில் மாவட்டமெங்கும் நடந்தவற்றை இங்கே விரித்தெழுதப் போவதில்லை. வேறிடங்களில் எழுதியிருக்கிறேன். நாங்கள் உடுத்த துணியோடு முல்லைத்தீவுப் பக்கம் போய், ஒரு பாடசாலை வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களோடு தங்கினோம். புத்தகம் வீட்டோடு போயிற்று. அம்மப்பாவின் மடியில் ஒரு வெள்ளி ரூபா இருந்தது, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்தது. அதை விற்று அரிசி வாங்கு என்று அவர் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தம் காப்புகளை விற்றார், அந்த ரூபாவை என்னிடம் கொடுத்துவிட்டார். மாலை வேளைகளில் வகுப்பறைக் குழந்தைகளுக்கு நான் காசு மறைத்துக் காட்டுவேன். அம்மப்பா மூலையிற் சாய்ந்தபடி, "கையைப் பாக்காதை, பிள்ளையின்ரை முகத்தைப் பார்" என்று திருத்துவார். புத்தகத்தில் அது எத்தனையாம் பக்கத்தில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அடுத்த மாரிக்கு முன் அவர் காலமானார்.

ஆகவேதான் மருமகனிடம் முதலில் காசைக் கேட்டேன்.

இன்று கிடைக்கும் புத்தகங்களில் தொடக்கக்காரருக்கு எல்லோரும் சொல்வது ஜே. பி. போபோவின் 'மொடர்ன் கொயின் மஜிக்'. 1952இல் வெளிவந்தது. பாடசாலைகளில் வித்தை காட்டிப் பிழைத்த டெக்சாஸ்காரர் போபோ. 1982இல் டோவர் பதிப்பகத்தார் மலிவு விலையில் மறுபதிப்புச் செய்தார்கள். 116 கைநுட்பங்கள், 236 வித்தைகள் என்று அதன் பெருமையை விளம்பரம் செய்வார்கள். என் பார்வையில் அதன் ஆபத்தும் அதுவே. பதினான்கு வயதுப் பையன் முதல் வாரத்தில் முப்பது நுட்பங்களைத் தொட்டுப் பார்ப்பான், இரண்டாம் வாரத்தில் புத்தகத்தை மூடுவான். 116ஐ நான்காகக் குறைப்பது ஒரு துணை ஆசிரியர் செய்யக்கூடிய வேலை. அதை நானே செய்து, நான்கு இடங்களில் கடதாசி செருகித் தருவதாகச் சொன்னேன். புத்தகம் நல்ல புத்தகம் என்பதில் ஐயமில்லை. அதற்கு மேற்போக விரும்புபவர், 2021இல் காலமான டேவிட் ரொத்தின் நுட்பங்களை 1985இல் றிச்சட் கோவ்மன் எழுதி வெளியிட்ட 'எக்ஸ்பேர்ட் கொயின் மஜிக்' நூலுக்குப் போகலாம். முதல் நாளில் அதை வாங்குவது, நெடுங்கணக்கு அறியாதவன் நன்னூல் வாங்குவதை ஒக்கும்.

நெல்சன் டவுன்சின் 'மொடர்ன் கொயின் மானிப்புலேஷன்' (1900) பற்றியும் மருமகன் கேட்டான். எங்கோ இலவசமாகக் கண்டிருக்கிறான். டவுன்ஸ் அயோவா மாநிலத்தில் புகையிரதத் தந்தி ஊழியராக இருந்தவர். வேலை குறைந்த வேளைகளில் காசை உருட்டி உருட்டி, 1899இல் இலண்டன் பலஸ் அரங்கில் காசுகளின் அரசர் என்ற பெயரோடு மேடையேறினார். காற்றிலிருந்து காசு பறித்துத் தொப்பியில் இடுவது அவருடைய புகழ்பெற்ற வித்தை. வாசிக்கச் சுவையானது. ஆனால் அது பெரிய மேடைக்கும் டவுன்சின் கைக்கும் உரியது. விறாந்தையில் பழகும் பையனுக்கு மன ஊக்கத்துக்கு உதவும், கைக்கு உதவாது. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களில் இலவசமாக ஒன்றைப் பெறுவதானால் ஹொவ்மனைப் பெறட்டும். ஆங்கிலம் சற்றுப் பழையது. அதைத் தாங்கக்கூடியவனுக்கு அதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது.

காணொளி? அதில் வந்தவனிடம் அதை விடு என்று சொல்வதில் பயனில்லை. விடவேண்டிய தேவையும் இல்லை. அசைவின் வேகத்தை எந்தப் படமும் காட்டாது, காணொளி காட்டும். ஆனால் பெரும்பாலானவை எதிரில் இருப்பவன் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டவை. வலம் இடமாகத் தெரியும். அதைவிடப் பெரிய இடர், அந்த மனிதரின் கை அளவும் காசும் பேச்சும் சிரிப்பும் கூடவே தொற்றிக்கொள்வது. யாழ்ப்பாணத்துப் பாடகரொருவரைக் கேட்டுப் பழகியவர் அவருடைய இருமலையும் சேர்த்துப் பாடிய கதை எங்கள் ஊரில் உண்டு. புத்தகத்தில் ஒரு நுட்பத்தை வாசித்து, கையில் வந்தபிறகு, வேகத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு காணொளியைப் பார் என்றேன்.

இனிக் காசு. பதினொரு பக்கக் காசு பழகுவதற்கு ஆகாதா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மூலை உள்ளங்கையில் ஒரு தடவை நன்றாகப் பற்றும், மறுதடவை மூலை தப்பிப் பக்கம் வந்தால் நழுவும். நிச்சயமில்லை என்பதுதான் குறை. பழைய இரண்டு ரூபாக் குற்றி நல்லது. இப்போது கடைகளில் அரிதாகவே அகப்படுகிறது. சில்லறைக்குப் பதில் டொபி கொடுக்கும் காலத்தில் எந்தக் குற்றியைத்தான் காண்கிறோம்? கனடாவில் அவனுக்கு எளிதாகக் கிடைப்பது 28 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரண்டு டொலர் காசு, வட்டமானது, புளோரினுக்கு மிக அண்மையது. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போபோவின் படங்களோடு அப்படியே ஒத்துப்போக வேண்டுமானால் எல்லைக்கு அப்பாலிருந்து ஓர் அரை டொலர் வரவழைக்கலாம், பழையதாயின் விளிம்பு தேயாததாகப் பார்த்து. பழகிவிட்டால் எல்லாக் காசும் ஒன்றுதான் என்று ஸ்கொட் சொன்னது உண்மையே. அந்த 'பழகிவிட்டால்' வருவதற்கு முன்னேதான் பெரும்பாலானோர் கைவிட்டு விடுகிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப அம்மப்பாட ரூபா உங்களிட்ட இன்னும் இருக்கோ?" என்றான். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுக் கைவியர்வையில் மன்னரின் மூக்கு மழுங்கியிருந்தது. விளிம்பு இன்னும் கூர்தான். கட்டிலுக்கு மேலே பிடித்துப் பழகு, விழுந்தாலும் உருளாது என்று மட்டும் சொன்னேன். அது புத்தகங்களில் இருக்கும் அறிவுரைதான், ஆனால் எவரும் முதல் வாரத்தில் அதைக் கேட்பதில்லை.

அவனும் கேட்கவில்லை. அன்றிரவு நான் கட்டுரை எழுத அமர்ந்திருக்கையில், பக்கத்து அறைச் சீமெந்துத் தரையில் வெள்ளி விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மணியளவில் எண்ணத் தொடங்கி நாற்பத்து மூன்றில் விட்டுவிட்டேன்.